பாட்டில் பெயர் வருகிற இடம்

தண்டையார்பேட்டைப் பக்கம் அந்த நாளில் யார் வீடு கட்டினாலும், சுவர் எழும்பி உத்திரம் ஏறியதும் வரதன் மேஸ்திரியிடம் கேட்கிற முதல் கேள்வி, தளம் தட்ட ஞானபாக்கியம் வருவாளா என்பதுதான். கொத்தனார் யார், தச்சன் யார் என்பதெல்லாம் அப்புறம். அவள் வர முடியாது என்றால் வேலையைப் பத்து நாள் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. அப்படி என்ன பெரிய வேலைக்காரி என்று கேட்டால், வேலையில் மற்றப் பெண்களைவிட அவள் ஒன்றும் ஒசத்தியில்லை. அவள் பாடுவாள். அதற்குத்தான் இத்தனை கிராக்கி.

இன்றைக்குச் சிமெண்டைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறார்கள். அன்றைக்கு அப்படியா? உத்திரத்துக்கு மேலே சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவார்கள். பிறகு பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு, கைப்பிடி வைத்த மரக்கட்டையால் அதைத் தட்ட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாலு நாள் தட்ட வேண்டும். முதல் நாள் கட்டை பொதுக் பொதுக்கென்று அமுங்கும். நாலாம் நாள் துள்ளித் திரும்பும், கணீரென்று சத்தம் வரும். அத்தனை கட்டையும் ஒரே நேரத்தில் விழுந்தால்தான் தளம் ஒன்றாக இறுகும். ஆளுக்கொரு போக்கில் தட்டினால் அடுத்த மழைக்கே விரிசல் விட்டு, வீட்டுக்காரன் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலை மூலையாக ஓட வேண்டியதுதான்.

பன்னிரண்டு கை ஒன்றாக விழ, மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினாலும் ஆகாது. அதற்குப் பாட்டுதான் வேண்டும். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் ‘ஆமாண்டி ஆமா’ என்று வாங்கிக்கொண்டு கட்டையைப் போடுவார்கள். பாக்கியம் பதினெட்டு வயதில் தலையில் ஜல்லிக்கூடையோடு இந்த வேலைக்கு வந்தவள். ஒருநாள் பாடுகிறவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, வரிசை கன்னாபின்னாவென்று தட்டத் தொடங்கியது. இவள் கூடையை இறக்காமலே ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கூடை சுமக்கவே இல்லை.

குரல் ஒன்றும் தேன் இல்லை. கொஞ்சம் கரகரப்பு உண்டு. ஆனால் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பது அவளுக்குத்தான் தெரியும். விடியலில் தூக்கம் கலையாமல் கை கனக்கும்போது துள்ளலாக ஒன்று. வெயில் ஏறிப் பசி கிள்ளத் தொடங்கினால் மாமியாரையும் மேஸ்திரியையும் வம்புக்கு இழுக்கிற பாட்டு. தன் தொப்பையைப் பற்றிய அடி வரப்போகிறது என்று தெரிந்ததும் வரதன் எதையோ தேடுகிற மாதிரி ஏணியில் இறங்கிப் போய்விடுவார். நாலு மணிக்கு எல்லாருக்கும் இடுப்பு விட்டுப்போகும். அப்போது துள்ளல் பாட்டு பாடினால் திட்டுத்தான் கிடைக்கும். அதற்கென்று தாலாட்டுக்குப் பக்கத்தில் போகிற ஒரு மெட்டு வைத்திருந்தாள். வீட்டில் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு வந்தவளும் பதினோரு மணிக்குள் சிரித்துவிடுவாள். அது எப்படி என்று கேட்டால் பாக்கியத்துக்கே சொல்லத் தெரியாது.

வீட்டிலும் அப்படித்தான். அரிசி களைய ஒரு பாட்டு, அடுப்பு மூட்ட ஒரு பாட்டு, துணி கும்ம ஒரு பாட்டு. அந்த வீட்டில் கடிகாரம் ஏது? உலையில் அரிசியைப் போட்டால் நாலு பாட்டு. நாலாவது முடியும்போது கஞ்சி வடிக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மரியமும் தளம் தட்டுகிறவள்தான், அவளும் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தன் பானையை இறக்குவாள். பாக்கியத்தின் புருஷன் பொன்னுரங்கம் ராயபுரத்தில் நிலக்கரிக் கூடை சுமக்கிறவன். பேச்சு ரொம்பக் குறைவு. சாயங்காலம் கரி முகத்தோடு வந்து வாசலில் குந்தி, உள்ளே என்ன பாட்டு ஓடுகிறது என்று காது கொடுப்பான். பெண்டாட்டி சந்தோஷமாக இருக்கிறாளா, கோபமாக இருக்கிறாளா என்று அதிலேயே தெரிந்துகொள்வான். அந்தப் பாட்டுக்கு ஊடே இன்னொரு குரலும் வரும். அது மகள் ரஞ்சிதம். பதினாலு வயது, ஒரே பெண். அம்மா பாடுகிற அடியை வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிப் பாடி, அகப்பைக் காம்பால் ஒரு தட்டு வாங்கிக்கொள்வாள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம் ரஞ்சிதத்துக்கு விஷக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் போராடினாள். பன்னிரண்டாம் நாள் விடிகிற நேரத்தில் போய்விட்டாள். பெற்றவர்கள் இருக்கப் பிள்ளை போகிற கொடுமையை விவரிக்கக் கை வரவில்லை. தெருப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஊருக்கெல்லாம் பாடுகிறவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை, கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, பொன்னுரங்கம் மகளுடைய பாவாடை தாவணியை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தான். வந்து வாசலில் உட்கார்ந்து, பாக்கியத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"இனிமே இந்த வூட்ல அந்தப் பேர யாரும் எடுக்கக் கூடாது. என்னால தாங்க முடியாது, பாக்கியம்."

அவள் சரி என்றாள். அவனுக்காகத்தான் சரி என்றாள். ஆனால் அந்தப் பெயரோடு சேர்ந்து பாட்டும் நின்றுபோயிற்று. அடுப்பு மூட்டினாள், பாத்திரம் கழுவினாள், தண்ணீர் பிடித்தாள், எல்லாம் ஊமையாக. பாட்டோடு செய்தபோது கைவேலை போவதே தெரியாது. இப்போது நாலு பாத்திரம் கழுவ ஒரு பகல் ஆகிற மாதிரி இருந்தது. சோறு குழைந்தது, இல்லாவிட்டால் அடிப்பிடித்தது. பொன்னுரங்கம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் தின்றுவிட்டுப் போனான். தெருமுனை டீக்கடையில் கிராமபோன் வைத்திருந்தார்கள். அதில் பாட்டு எழும்பினால் பாக்கியம் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே ஏதோ அசைகிறது என்று பயம்.

என்ன பயம் என்றால், வாயைத் திறந்து ஒரு அடி பாடினால் போதும், அழுகை உடைத்துக்கொண்டு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் அழுதால் பரவாயில்லை. புது வீட்டுத் தளத்தில் கண்ணீர் விழக் கூடாது. அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் அது. குடி போகாத வீட்டில், விளக்கு ஏற்றாத வீட்டில், முதல் அழுகை வேலைக்காரியுடையது என்றால் எந்த வீட்டுக்காரி சும்மா இருப்பாள்? அப்படி ஒருமுறை அழுதவளைப் பிறகு எந்தத் தளத்திலும் ஏற்றமாட்டார்கள். பாக்கியத்துக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

வரதன் மேஸ்திரி இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி அனுப்பிவிட்டாள். புரட்டாசியில் மூன்றாம் தடவை வந்தார். மிளகாய் மண்டி வெள்ளத்துரை வீடு கட்டிக்கொண்டிருந்தார். தெற்கே சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம், அது புது வீட்டில்தான் நடக்க வேண்டும். மழை வருவதற்குள் தளம் இறுக வேண்டும். வேறு ஒருத்தியைப் பாட வைத்துப் பக்கத்துத் தெருவில் போட்ட தளத்தை உடைத்து மறுபடி போட வேண்டியதாகிவிட்டது என்று வரதன் புலம்பினார். பாக்கியம் அசையவில்லை. மரியம்தான் அவர் போன பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "யக்கா, நீ வரலன்னா பதினோரு பேரு வூட்ல அடுப்பு எரியாது. நீ சொம்மா வாய அசச்சாப் போதும், நாங்க இஸ்துகினு போறோம்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. பாக்கியம் மறுநாள் கட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் நாள் ஏணியில் ஏறிப் போய்த் தன் இடத்தில் குந்தினாள். பதினோரு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு காலைப்பாட்டை எடுத்தாள்.

அடடா, குரல் வந்தது. அழுகை வரவில்லை. பழக்கப்பட்ட மாடு வண்டியை இழுக்கிற மாதிரி பாட்டு தானாகப் போயிற்று, கட்டைகள் ஒன்றாக விழுந்தன, வரதன் கீழே நின்று பெருமூச்சு விட்டார். வெயில் ஏறியதும் மேஸ்திரி தொப்பைப் பாட்டுக்கு வந்தாள். பெண்கள் சிரித்தார்கள். நடுவில் மரியம் ஒரு அடியைச் சேர்த்துச் சொல்ல, பாக்கியத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் நெஞ்சில் சுருக்கென்றது. பெண்ணைக் குழியில் வைத்து இரண்டு மாதம் ஆகவில்லை, பாவி, எப்படிச் சிரிக்கிறாய் என்று தன்னையே கேட்டாள். ஆனால் தாளம் விடவில்லை. கை அடுத்த அடிக்கு ஓங்கிவிட்டது, வாய் அடுத்த வரியை எடுத்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவே இல்லை. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே போயின. நாலாம் நாள் கட்டை துள்ள ஆரம்பித்தது.

கடைசி நாள் பிற்பகலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு தளத்துக்கு ஏறி வந்து ஓரமாக நிற்பார்கள். பாடுகிறவள் ஒவ்வொருவர் பெயராக எடுத்து வாழ்த்திப் பாடுவாள். அந்தப் பாட்டில் எல்லாம் முன்பே கட்டியிருக்கும், பெயர் வருகிற இடம் மட்டும் காலியாக இருக்கும். எந்த வீடோ அந்த வீட்டுப் பெயரை அதில் வைக்க வேண்டும். பெயர் விழும்போது பன்னிரண்டு கட்டையும் ஓங்கி விழும். தளத்துக்குள் அந்தப் பெயரை இடித்து இறுக்குகிறோம் என்பது கணக்கு. வாழ்த்து முடிந்ததும் வெற்றிலை பாக்கோடு பாடினவளுக்கு ஒரு சேலை.

வெள்ளத்துரை வந்து நின்றார். அவர் மனைவி சீனியம்மாள் தட்டில் சேலையோடு வந்தாள். பின்னால் கல்யாணப் பெண் பூமாரி, பதினேழு வயது, தலை நிறையக் கனகாம்பரம். சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளுமோ என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி நின்றாள். பாக்கியம் முதலில் வெள்ளத்துரைக்குப் பாடினாள். அடுத்து சீனியம்மாளுக்கு. கட்டைகள் கணீர் கணீரென்று விழுந்தன. பிறகு பெண்ணைப் பார்த்தாள்.

தளம் எறங்கி வெளக்கேத்தித்
தாலிக்கொடி மினுமினுக்க,
மடிநெறஞ்சு மனைநெறஞ்சு
மாமியாரு வாய்நெறைய,
வாழணும்டி ரஞ்சிதம், வாழணும்டி ஆமா.

பெயர் விழுந்த இடத்தில் ஒரு கட்டையும் விழவில்லை. பன்னிரண்டு கையும் மேலேயே நின்றன. மரியத்தின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. என்ன பாடினோம் என்று பாக்கியத்துக்கே அந்த அமைதியில்தான் தெரிந்தது. செத்துப்போன பெண்ணின் பெயரைக் கல்யாண வீட்டுத் தளத்தில், அதுவும் கல்யாணப் பெண்ணின் இடத்தில் வைத்துவிட்டாள். ஒன்றரை மாதமாக அந்த வாய் சொல்லாத பெயர்.

சீனியம்மாள் சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. "அது யாரு பேரும்மா? எம்மக பேரு பூமாரியில்லா?" என்று கேட்டாள்.

வரதன் முந்திக்கொண்டார். "அது பாட்டுல வர்ற ராசாத்தி பேரும்மா. பழைய பாட்டு. மொதல்ல அவ பேரச் சொல்லிட்டு அப்பால நம்ம பாப்பா பேரச் சொல்றது" என்று ஒரு சிரிப்பும் சிரித்தார். பிறகு பாக்கியத்தைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

அந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினோரு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அதே அடியை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை பூமாரி என்று சரியாக வைத்தாள். கட்டைகள் விழுந்தன. பெண் வெட்கப்பட்டாள். வெள்ளத்துரை நல்லா இருந்தது என்றார். சீனியம்மாள் வெற்றிலை பாக்கும் பச்சைச் சேலையும் கொடுத்தாள். பாக்கியம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சேலையை மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டினாள். சோறு இறங்கவில்லை. பயமெல்லாம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது வெட்கம். பாட்டில் வருகிற ராசாத்தியாம்! பால் குடித்து, பல் முளைத்து, கீழே விழுந்து முட்டி தேய்த்துக்கொண்டு வளர்ந்த பெண்ணை யாரோ ஒரு கதைப் பொம்மை என்று ஒருத்தன் சொல்ல, பெற்றவள் வாயை மூடிக்கொண்டு சேலை வாங்கி வந்திருக்கிறாள். பொன்னுரங்கம் சேலையைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனான். அவனிடம் சொல்லவும் வழியில்லை. சொன்னால் பெயரைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் சேலையை எடுத்துக்கொண்டு வெள்ளத்துரையின் பழைய வாடகை வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். சீனியம்மாள் வெளியே வந்தாள். பாக்கியம் சுற்றி வளைக்கவில்லை. நேற்றுப் பாடியது தன் மகள் பெயர் என்றும், அவள் ஆடியில் செத்துப்போனாள் என்றும், மேஸ்திரி சொன்னது பொய் என்றும் சொன்னாள்.

சீனியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் இன்னும் முப்பது நாளில் மகளுக்குத் தாலி ஏறப்போகிறது.

"இத வந்து எங்கிட்ட எதுக்கும்மா சொல்லுத? நீ சொல்லாட்டா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"நீங்க கேட்டப்போ நான் வாய மூடிகினு இருந்துட்டேம்மா" என்றாள் பாக்கியம். "பதினாலு வருசம் எங்கூட இருந்த பொண்ணு. அவ பாட்டுல வர்றவ இல்ல. எங்க வூட்ல இருந்தவ. அவ பேரு ரஞ்சிதம்."

அந்த வாசலிலும் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சேலையைப் படியில் வைத்தாள். சீனியம்மாள் அதை எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போ என்றும் சொல்லவில்லை. கடைசியில், "ஒன்னயக் குத்தம் சொல்ல மாட்டேன் தாயீ. ஆனா நீ இனிமே அந்த வீட்டுப் பக்கம் வராத" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கே ஐயரைக் கூப்பிட்டுத் தளத்தில் சாந்தி பூஜை நடத்தினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? சீனியம்மாள் நாலு பேரிடம் சொல்லியிருப்பாள், அந்த நாலு பேர் நாற்பது பேரிடம். ஞானபாக்கியம் கல்யாண வீட்டுத் தளத்தில் செத்தவள் பெயரை வைத்தவள் என்று ஆகிவிட்டது. பூமாரிக்கு ஐப்பசியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது, பிறகு நன்றாகத்தான் இருந்தாள். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை ஒரு வீட்டுக்காரரும் பாக்கியம் வேண்டும் என்று கேட்கவில்லை, வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். வரதனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பொய் சொல்லிக் காப்பாற்றினவன் முகத்தில் கரியைப் பூசிவிட்டாய் என்று தெருவில் நின்று கத்தினார். அவள் கார்த்திகையும் மார்கழியும் மீன் சுத்தம் செய்யப் போனாள். பாட்டு வேண்டாத வேலை.

மாசியில் வரதன் மறுபடி வந்தார், வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். ராயபுரத்தில் கடலோரமாக ஒரு பெரிய சரக்குக் கிடங்கு எழும்பியிருக்கிறது. தளம் வீட்டுத் தளம் மாதிரி நாலு மடங்கு. நாற்பது பெண்கள் உட்கார வேண்டும். நாற்பது கையை ஒன்றாக விழ வைக்கிற தொண்டை வேறு யாருக்கும் இல்லை. "கெடங்குல யாரும் குடியிருக்கப் போறதில்ல, பாக்கியம். மூட்டைக்கு ஏது சகுனம்?" என்றார். அவள் ஒன்று மட்டும் கேட்டாள். கடைசி நாள் வாழ்த்தில் பெயர் வருகிற இடத்தில் தனக்கு இஷ்டமான பெயரை வைத்துக்கொள்வேன் என்றாள். அது எந்தப் பெயர் என்று வரதனுக்குப் புரிந்தது. பிறகு, கிடங்குக் கூரையில் யார் பெயர் இருந்தால் யாருக்கு என்ன என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு நாள் வேலை. கடல் காற்றில் குரல் சிதறாமல் இருக்க அடிவயிற்றிலிருந்து பாட வேண்டியிருந்தது. காலைப்பாட்டு, வெயில் பாட்டு, நாலு மணிப் பாட்டு, எல்லாம் பாடினாள். சிரிப்பு வந்தபோது சிரித்தாள். இந்தத் தடவை அது அவளை அறுக்கவில்லை. ஆறாம் நாள் பிற்பகல் வந்தது. ஏறி வந்து நிற்க வீட்டுக்காரர்கள் யாரும் இல்லை. அவள் வாழ்த்தை எடுத்தாள். தளம் எறங்கி வெளக்கேத்தி என்று தொடங்கி, நாலு வரியும் நிதானமாகப் பாடி, பெயர் வருகிற இடத்துக்கு வந்து, ரஞ்சிதம் என்றாள்.

நாற்பது கட்டையும் விழுந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. மரியம் அழுதுகொண்டே தட்டினாள், பக்கத்தில் இருந்தவளும் அழுதாள். பாக்கியத்துக்கும் கண்ணீர் வந்தது. ஏழு மாதமாக வராதது, தாரை தாரையாக வந்து சுண்ணாம்பில் விழுந்தது. பாட்டு நிற்கவில்லை. மூன்று தடவை அதே அடியைப் பாடினாள், மூன்று தடவையும் அதே பெயர்.

கிடங்குக்கு மேற்கே, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், நிலக்கரி மேடு. பொன்னுரங்கம் அங்கேதான் கூடை சுமக்கிறான். பாக்கியம் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அவன் வந்து வாசலில் குந்தவில்லை. முகம் கழுவாமல், கரியோடு நேரே உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் பயந்துபோனாள். வாக்குத் தவறிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். திட்டுவான், அல்லது எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"செத்தவளப் போயி வாழணும்டின்னு பாடுறியே, பாக்கியம்" என்றான்.

"அது கல்யாணப் பொண்ணுக்குப் பாடுற பாட்டுய்யா" என்றாள். "எத்தினி வூட்டுப் பொண்ணுங்களுக்குப் பாடிக்கீறேன். நம்ம பொண்ணுக்கு நான் பாட வேண்டிய பாட்டு அது ஒண்ணுதான். பாடாமயே அனுப்பிட்டமே."

அவன் கரிக்கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் மூடிய கைக்குள்ளிருந்தே கேட்டான்:

"ரஞ்சிதம்னு வருதே, அந்த அடி. அத எனக்கு இன்னொரு தபா பாடு."

அவள் பாடினாள்.